இடைவேளை வரைக்கும் போதும்

புரொஜெக்டர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் கற்பனை செய்து வந்த அறை இதுவல்ல. சுழலும் படச்சுருள் இல்லை, ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசி இல்லை. ஒரு பெரிய விளக்கு, அதைக் குளிர வைக்க ஓயாமல் இரையும் விசிறிகள், மூலையில் படத்தைச் சேமித்து ஓட்டும் கணினியான சேர்வர், யாரோ மறந்துபோன தேநீர்க் கோப்பை. படம் இப்போது பெரும்பாலும் இணைய வழியாக வருகிறது. சிலவேளை மட்டும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்காக வரும். இணையத்தில் வந்தால் நிம்மதியாக இருங்கள். டிஸ்க்காக வந்தால், அது உங்கள் கைக்கு வருமுன் யார் யார் கைக்குப் போனது என்று கேளுங்கள்.

நான் கணினி படித்தவள். என்னோடு படித்தவர்கள் வங்கிகளில் சேர்ந்தார்கள். நான் இலவசமாகப் படம் பார்க்கலாம் என்று தென் லண்டனில் ஒரு திரையரங்கில் சேர்ந்தேன். பார்த்தேன்தான்; எல்லாப் படங்களையும் ஒரு சிறு கண்ணாடிச் சதுரத்தின் வழியாக, விசிறிச் சத்தத்தின் பின்னணி இசையோடு. ஓய்வு பெற்ற பிறகுதான் கதாபாத்திரங்கள் பேசுவது கேட்கிறது. பல படங்களுக்கு விசிறியே மேல்.

சினிமா சேர்வர்கள் அநேகமாக விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடுபவை. ஆகவே படம் வரும் டிஸ்கையும் லினக்ஸ் முறையில்தான் ஃபோர்மட் செய்து அனுப்புவார்கள். அதாவது, கோப்புகளை அதில் அடுக்கி வைத்திருக்கும் ஒழுங்கு லினக்ஸுக்கு மட்டுமே பழக்கமான ஒழுங்கு. அந்த டிஸ்கை ஒரு விண்டோஸ் கணினியில் செருகிப் பாருங்கள். ‘எனக்கு இதை வாசிக்கத் தெரியவில்லை’ என்று அது சொல்லாது. அவ்வளவு பணிவு அதற்குக் கிடையாது. ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்துமுன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று கேட்கும். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது விளங்கவில்லை என்பதற்காக, அவருடைய நாக்கை அறுத்துவிடவா என்று கேட்பது போன்றது இது. மாக் கணினி சற்று நாகரிகமானது. நாக்கை அறுக்கவா, பேசாமல் விடவா, ஆளை வெளியே அனுப்பவா என்று மூன்று பொத்தான்களை நீட்டும்.

இது தெரியாத ஒருவரால்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் உயிர் போய் வந்தது.

பெரிய நடிகர் ஒருவரின் புதுப்படம். பெயர் வேண்டாம், அவருடைய ரசிகர்கள் நலமாக இருக்கிறார்கள், நானும் நலமாக இருக்க விரும்புகிறேன். லண்டனில் படத்தை வெளியிட்டவர் யோகன் அண்ணை. மிச்சம் என்ற ஊரில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தது அவருடைய அலுவலகம். சென்னையில் கடைசி நேரம் வரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததால் படத்தை டிஸ்க்கில் போட்டு ஓர் ஆளிடம் கொடுத்து விமானத்தில் அனுப்பினார்கள். மொத்தம் இரண்டு டிஸ்க். ஒன்று அப்போதே பர்மிங்காமை நோக்கி மோட்டர்வேயில் போய்க்கொண்டிருந்தது. மற்றது எங்களுக்கு.

எங்கள் திரையரங்கில் தமிழ்ப் படம் ஓடுவதே அப்போது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டில் வேறொரு நடிகரின் படம் பாதியில் நின்றுபோய், ரசிகர்கள் இருக்கைகளைக் கிழித்துவிட்டிருந்தார்கள். எங்கள் மேலாளர் டெரெக் என்ற ஆங்கிலேயர், நல்ல மனிதர். தன் வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டக் கவுன்சில் தராத பிளானிங் பெர்மிஷனைப் பற்றித்தான் எல்லாரிடமும் புலம்புவார். தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தார். இன்னும் ஒரு குழப்பம் வந்தால் இந்தக் கட்டடத்தில் தமிழ்ப் படமே கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அன்று காலை யோகன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

“தங்கச்சி, படம் வந்திட்டுது. நான் செக் பண்ணியும் பாத்திட்டன். ஒரு பிரச்சினையும் இல்லை.”

‘செக் பண்ணியும்’ என்ற சொல்லிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படவில்லை. டிஸ்க் வந்தது. சேர்வரில் செருகினேன். வாசிக்க முடியவில்லை என்றது. கழற்றி மறுபடி செருகினேன். மறுபடியும் அதே பதில்.

கீழே மண்டபத்தின் முன்கூடம் நிரம்பிக்கொண்டிருந்தது. லூயிஷாமிலிருந்தும் வெஸ்ட் ஈலிங்கிலிருந்தும் வேலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்த ஆரோக்கியமான இளைஞர்கள். அட்டையில் செய்த நாயகன் ஒருவர் வாசலில் கைகட்டி நின்றார். அவருக்குப் பாலாபிஷேகம் செய்யப் பச்சை மூடிப் பால் போத்தல்களோடு ஒரு வரிசை. கொழுப்புக் குறைந்த பால், நாயகனுக்கும் வயதாகிறது. டெரெக் தன்னுடைய கம்பளத்தைப் பார்ப்பதும் பாலைப் பார்ப்பதுமாக நின்றார்.

நான் யோகன் அண்ணையை மேலே கூப்பிட்டேன். அவரோடு கார்த்திக்கும் வந்தார். ரசிகர் மன்றத் தலைவர், தமிழ்நாட்டுக்காரர். கேனரி வோர்ஃப்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பெரிய வேலை. அன்று நாயகனின் முகம் அச்சிட்ட டீ-ஷேர்ட் அணிந்திருந்தார்.

“இந்த டிஸ்கை ஆர் திறந்தது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் தொடேல்லை,” என்றார் யோகன் அண்ணை.

“செக் பண்ணினது எண்டு காலமை சொன்னீங்கள்?”

“செக் பண்ணினது. தொடேல்லை.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடியில் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு இப்படித்தான் பதில் வரும். குரலை உயர்த்தினால் அடுத்த பதில் இன்னும் மோசமாக இருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். எனக்கும் தேநீர் தேவையாக இருந்தது.

கார்த்திக் தேநீரை வாங்கவில்லை. “மேடம், நான்தான்,” என்றார்.

கதை வெளியே வந்தது. போன முறை யோகன் அண்ணைக்குத் தமிழ்ப் படத்துக்குப் பதிலாக அதன் தெலுங்குப் பதிப்பை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயத்தில் இந்த முறை டிஸ்கைத் தன்னுடைய அலுவலகக் கணினியில் செருகியிருக்கிறார். ஃபோர்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது.

“நான் ஓம் எண்டு குடுக்கேல்லை,” என்றார் யோகன் அண்ணை பெருமையாக. “இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து விளங்காத கேள்விக்கு நான் ஓம் சொன்னதே கிடையாது. உதாலதான் இண்டைக்கும் இஞ்சை இருக்கிறன்.”

பிள்ளைகளே, அந்த ஒரு விஷயத்துக்காக அவரைக் கட்டிப்பிடித்திருக்கலாம். ஆனால் அடுத்ததாக அவர் செய்தது, டிஸ்க் வெறுமையானது என்று முடிவு கட்டி, சென்னைக்கு அழைத்துத் தயாரிப்பாளரின் பரம்பரையையே திட்டியது. பிறகு கார்த்திக்கை வரவழைத்திருக்கிறார்.

“லினக்ஸ் டிஸ்க் விண்டோஸ்ல தெரியாதுல்ல மேடம். அதுக்கு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணேன். உடனே ஓப்பன் ஆயிடுச்சு. படம் உள்ள இருந்துச்சு. வாசிக்க மட்டும், எழுத வேண்டாம்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. அதை நான் டிக் பண்ணல.”

“பிறகு?”

“உள்ள எல்லா ஃபோல்டருக்கும் நம்பர் நம்பரா பேரு. ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாது. அதான் ஒரு ஃபோல்டருக்கு மட்டும்…” கார்த்திக் தன் டீ-ஷேர்ட்டைப் பார்த்தார். “தலைவர் பேர் வெச்சேன். ஃபோட்டோ எடுத்துட்டுத் திருப்பி மாத்திடலாம்னு இருந்தேன்.”

“மாத்தினீங்களா?”

“அதுக்குள்ள அண்ணா வயரைப் புடுங்கிட்டாரு.”

“வான் நிப்பாட்டக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில நிண்டது தங்கச்சி,” என்றார் யோகன் அண்ணை. “தண்டம் எழுத ட்ராபிக் வோர்டன் வாறான். நான் என்ன செய்யிறது?”

கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்குவது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்துவதைப் போன்றது. வசனம் பாதியில் நின்றுவிடும். டிஸ்கில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடந்தது. சேர்வர் அதைப் பார்த்துக் குழம்பி, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

ஆனாலும் கார்த்திக்கின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் வேலைக்காலத்தில் டிஸ்கைக் கெடுத்தவர்கள் ஏராளம். என்ன செய்தோம் என்று ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னவர்கள் அபூர்வம். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் டிஸ்க் செத்துவிட்டதென்று நினைத்திருப்பேன். இப்போது காயம் எங்கே என்று தெரிந்துவிட்டது.

அதற்குள் டெரெக்கும் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். லினக்ஸில் டிஸ்கைப் பழுதுபார்க்கும் கட்டளை ஒன்று இருப்பது அவருக்கும் தெரியும்.

“அதை ஓட்டு. சில நிமிடத்தில் முடிந்துவிடும்தானே?”

“ஓமெண்டால் நல்லம்,” என்றார் யோகன் அண்ணை, அந்த மூச்சிரைத்த ஆங்கிலம் பாதி விளங்கி. “தட்டிப் பாருங்கோ தங்கச்சி. டிவி எண்டால் தட்டினா வரும்.”

எனக்கும் கை துறுதுறுத்தது. கீழே நாயகனின் பெயரைக் கூவும் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. ஆனால் பழுதுபார்க்கும் அந்தக் கட்டளை டிஸ்கின் மேல் எழுதும். தனக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறியும். நகல் ஒன்று கையில் இருந்தால் வெட்டட்டும், யாருக்கு நட்டம்? எங்களிடம் இருந்ததோ இந்த ஒன்றுதான். ஒரேயொரு பிரதி இருக்கும்போது அதன்மேல் எழுதக்கூடிய எதையும், எவ்வளவு நல்லெண்ணம் உள்ளதானாலும், ஓடவிடாதீர்கள். மாட்டேன் என்றேன். டெரெக் என்னை நாலு பேருக்கு முன் முதன்முறையாக முறைத்துப் பார்த்தார்.

என் பையில் பழைய லினக்ஸ் லாப்டாப் ஒன்று எப்போதும் இருக்கும். வாசிக்க மட்டும், ஒரு எழுத்துக்கூட எழுதாதே என்ற கட்டளையோடு டிஸ்கை அதில் திறந்தேன். திறந்தது. பெரிய கோப்புகள் எல்லாம் இருந்தன. யோகன் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார், லாப்டாப்பை நோக்கி.

அடுத்த சிக்கல் நேரம். ஒரு படம் என்பது மலை போன்ற கோப்பு. அதைப் புது டிஸ்குக்கு நகலெடுத்து, அங்கிருந்து சேர்வருக்கு ஏற்ற வேண்டும். கீழே இருக்கும் கூட்டத்தின் பொறுமை அதற்குப் போதாது. டெரெக் காட்சியை ரத்து செய்யும் அறிவிப்பை மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டது அவருடைய முகத்தில் தெரிந்தது.

கார்த்திக்தான் கேட்டார். “மேடம், நம்ம படம் ஃபர்ஸ்ட் ஹாஃப், செகண்ட் ஹாஃப்னு தனித்தனியாதானே வந்திருக்கு? இடைவேளை வரைக்கும் போதும் மேடம். மொதல்ல அதை விடுங்க.”

இங்கிலாந்தில் படத்துக்கு இடைவேளை விடும் வழக்கம் எப்போதோ மறைந்துவிட்டது. என் தலைக்குள் படம் என்பது ஒரே பொருளாகவே இருந்தது. ஆனால் டிஸ்கில் அது உண்மையாகவே இரண்டு தனிப் பொதிகள். பூட்டித்தான் வரும், திறக்கும் சாவி ஒரு சிறு கோப்பாக மின்னஞ்சலில் வரும். இரண்டு பாதிக்கும் தனித்தனிச் சாவிகள் ஏற்கெனவே வந்திருந்தன. வங்கியில் கணினிகளை மேய்ப்பவர் என்பதால் அவருக்கு இந்த யோசனை வரவில்லை. இடைவேளையில் சமோசா வாங்க எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த ரசிகர் என்பதால் வந்தது.

ஆபத்தும் இருந்தது. முற்பாதியைக் காட்டிவிட்டுப் பிற்பாதி வராமல் போனால்? படமே பார்க்காத ரசிகனைவிடப் பாதிப் படம் பார்த்த ரசிகன் பயங்கரமானவன். பிற்பாதியின் பெரிய கோப்புகளைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் தொட்டு வாசித்துப் பார்த்தேன். வாசிக்க முடிந்தது. அதற்குமேல் உறுதி எங்கேயும் விற்கவில்லை. எல்லாவற்றையும் எப்படிச் சரிசெய்வது என்று யோசித்தபோது எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. முதலில் எது வேண்டும் என்று யோசித்தபோது வழி தெரிந்தது. முற்பாதியை நகலெடுக்கத் தொடங்கினேன்.

“கீழ ஆராவது போய்ச் சொல்ல வேணும்,” என்றேன். “பொய் சொன்னா கண்டுபிடிப்பினம்.”

கார்த்திக் போனார். நான் கண்ணாடிச் சதுரத்தின் வழியாகப் பார்த்தேன். திரைக்கு முன்னால் நின்று, மைக்கைப் பிடித்து, தாமதம் ஆகும் என்றார். பூ… என்று ஓர் எதிர்ப்புக் கூச்சல். பிறகு, “டிஸ்கைக் கெடுத்தது நான்தான். தலைவர் பேரை எழுதப் போய் கெட்டுப்போச்சு,” என்றார். பாப்கோர்ன் மழை. ஒருவர் செருப்பைக் கழற்றினார். கடைசி வரி உறைத்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார். தலைவர் பெயரை எழுதப் போய் நடந்த தவறை எப்படித் தண்டிப்பது? ஒரு மூலையில் கைதட்டல் எழும்பி மண்டபம் முழுக்கப் பரவியது.

முற்பாதி ஏறியதும் விளம்பரங்களைத் தூக்கிவிட்டுப் படத்தைப் போட்டேன். நாயகன் கார்க் கதவைக் காலால் திறந்து இறங்கியபோது வெடித்த கூச்சலில் மேலே என் தேநீர் அலையடித்தது. பக்கத்தில் பிற்பாதி ஊர்ந்துகொண்டிருந்தது. கணினி காட்டும் மீதி நேரத்தை நம்பாதீர்கள். அது நம்ம ஆட்கள் ‘வந்துகொண்டிருக்கிறன்’ என்று சொல்வது போல.

இடைவேளைக்குச் சற்று முன் நகல் முடிந்தது, ஒன்றைத் தவிர. பிற்பாதிக்குத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன எழுத்துகள் இருந்த ஃபோல்டர் திறக்க மறுத்தது. கார்த்திக் ஆசையாகப் பெயர் மாற்றியது அதைத்தான். இப்போது நகல் கையில் இருந்தது, பழுதுபார்த்துப் பார்க்கலாம். பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் குப்பை இருந்தது. இன்னும் தோண்டலாமா, விடலாமா? எழுத்து இல்லாத பதிப்பும் டிஸ்கில் இருந்தது. சென்னைக்காரர் சோம்பலில் எல்லாச் சாவிகளையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால் அதற்கும் சாவி இருந்தது. தோண்டுவதை நிறுத்தினேன். அரைகுறையாகவேனும் ஓடும் படம், முழுமையாக நின்றுபோன படத்தைவிட மேல்.

பிற்பாதி சேர்வரில் ஏறும் வரை இடைவேளையைக் கொஞ்சம் நீட்டினோம். மட்டன் ரோல் முடிந்தது, சமோசா முடிந்தது, கடைசியில் டெரெக்கின் ஹொட்-டோக்கும் முடிந்தது. பிற்பாதி தொடங்கியது.

தமிழ் மண்டபத்தில் ஆங்கில எழுத்தை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் தேடினார்கள். “அம்மா, வட் டிட் ஹீ சே?” என்று நாலாபக்கமும் கேட்டது. சரி, அம்மாமார் சொல்லிக் கொடுப்பார்கள் என்றால், அவர்களும் திருதிருவென்று விழித்தார்கள். நாயகனின் வடசென்னைப் பேச்சு விளங்காமல் யாழ்ப்பாணத்து மாமிமாரும் இவ்வளவு காலமும் கீழே ஓடிய ஆங்கிலத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்ற பெரிய இரகசியம் அன்று வெளிப்பட்டது. கார்த்திக்கின் கூட்டம்தான் காப்பாற்றியது. இருவர் மூவராகப் பிரிந்து மற்றவர்கள் நடுவே உட்கார்ந்து, சத்தமாக மொழிபெயர்த்தார்கள். மண்டபம் சந்தை போல இரைந்தது. யாரும் யாரையும் ‘உஷ்’ என்று அடக்கவில்லை. ஓர் இருக்கையும் கிழியவில்லை.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நிய டிஸ்க் ஒன்று உங்கள் கணினியில் தெரியவில்லை என்றால், வாசிக்கத் தெரியாதது கணினிக்குத்தான்; டிஸ்க் வெறுமை என்று அர்த்தமில்லை. ஃபோர்மட் கேட்கும் பொத்தானுக்கு யோகன் அண்ணை போல மறுப்புச் சொல்லுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் வாசிக்க மட்டும் திறங்கள். கணினியிடம் சொல்லி டிஸ்கை முறையாக விடுவித்துவிட்டு வயரைக் கழற்றுங்கள். வாசலில் எந்த வோர்டன் வந்தாலும்.

படம் முடிந்து நான் கீழே இறங்கியபோது டெரெக் முன்கூடத்தில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. பிற்பாதி முழுவதும் மண்டபத்துக்குள், யோகன் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்.

“இவ்வளவு நேர்மையான படத்தை நான் பார்த்ததே இல்லை,” என்றார். “கவுன்சிலின் கட்டட அனுமதிப் பிரிவைப் பற்றி இப்படித் துணிந்து எடுக்க இங்கே ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை. அந்த வில்லன் விண்ணப்பத்தை மேசையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் சிரித்தானே! தலைமை அலுவலகத்துக்கு இப்போதே சொல்லப்போகிறேன். தமிழ்ப் படங்கள் இங்கேதான் ஓடும்.” தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்த படத்தில் வில்லன் ஓர் அமைச்சர். கையெழுத்துப் போடாமல் சிரித்தது, மீனவர் குப்பத்துக்குத் தீ வைக்கச் சொல்லிவிட்டு.

“அண்ணை,” என்றேன். “படத்தில கவுன்சில் எங்கை வருது?”

யோகன் அண்ணை கோட்டில் ஒட்டியிருந்த வர்ணக் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

“அமைச்சர், அடியாள், குப்பத்துக்கு நெருப்பு எண்டு முதல்ல உள்ளபடிதான் சொன்னன் தங்கச்சி. அந்தாள் கொட்டாவி விட்டுது. பிறகு பிளானிங் பெர்மிஷன் எண்டன். எழும்பி நிண்டு கை தட்டிச்சுது.”